ரைஃபிள் கிளப்புக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு

முதல் போட்டியிலேயே என்னை அரங்கத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். 2011-ஆம் ஆண்டு, மாவட்ட அளவிலான ஒரு பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி, அதாவது பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் சுடுவது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கல்யாணப் படம் எடுத்துப் பழகிய கை என்னுடையது. தாலி கட்டும் நொடி வந்தால் விரல் தானாக ஃப்ளாஷைத் தட்டும். அங்கேயும் தட்டியது. நான்காவது லேனில் நின்றிருந்த பள்ளி மாணவி சுட்ட ரவை ஏழாவது வளையத்தில் போய் விழுந்தது. ரேஞ்ச் என்று சொல்லப்படும் அந்தச் சுடுதளத்தின் அதிகாரி என் அருகில் வந்து, "அக்கா, கேமராவை மூடிவிட்டு வெளியே வாருங்கள்" என்றார். குரலை உயர்த்தவில்லை. கதவை நோக்கி நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. ரைஃபிளை இறக்கி, மூச்சை ஒருமுறை முழுதாக விட்டு, அடுத்த ரவையை எடுத்துப் போட்டாள். அது பத்தில் விழுந்தது.

நான் எடுத்திருக்க வேண்டிய படம் அந்த முகம். ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது என்னவோ, அதைத்தான் இத்தனை வருடமாக எடுக்க முயன்றுகொண்டிருக்கிறேன். மதுரை சிம்மக்கல்லில் அப்பா நடத்திய ஸ்டூடியோவைத்தான் நான் இன்றும் நடத்துகிறேன். கல்யாண வேலை சோறு போடுகிறது. துப்பாக்கி சுடும் விளையாட்டையும், வீடுகளில் பரம்பரையாக இருக்கும் பழைய துப்பாக்கிகளையும் படமெடுப்பது இரண்டாவது தொழிலாக வளர்ந்துவிட்டது. இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் படமெடுப்பதற்கும் துப்பாக்கியால் சுடுவதற்கும் ஒரே சொல். 1882-இல் மாரே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் துப்பாக்கி வடிவிலேயே ஒரு கேமராவைச் செய்து, பறக்கும் பறவைகளை நொடிக்குப் பன்னிரண்டு படங்களாக எடுத்தார். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. குறியைச் சுடுகிறோம், படத்தை எடுக்கிறோம். "ஷூட்டிங் போகிறேன்" என்று மதுரையில் சொன்னால் எந்தப் படம், யார் கதாநாயகன் என்றுதான் கேட்பார்கள். சுடுகிறவர் வேறு, எடுக்கிறவர் வேறு என்ற இந்தப் பிரிவை மனதில் இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சுக்குள் நாம் விருந்தாளிகள். துப்பாக்கியைத் தொடுவது நம் வேலையே இல்லை.

கேமராவைத் திறக்கும் முன்

முதல் இரண்டு வாரம் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சுடுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். யார் எங்கே நடக்கிறார்கள், கட்டளை வந்தவுடன் என்ன நடக்கிறது, சுடும் கோட்டைத் தாண்டி எப்போது போகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். 'ஸ்டார்ட்' என்ற சொல்லுக்கும் 'ஸ்டாப்' என்ற சொல்லுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கோட்டுக்கு முன்னால் ஒரு விரலைக்கூட நீட்டக் கூடாது. லென்ஸ் மூடி உருண்டு முன்னால் போய்விட்டாலும் எடுக்கப் போகக் கூடாது. அது அங்கேயே கிடக்கட்டும்.

ஒவ்வொரு துப்பாக்கியிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற இழை ஒன்று செருகியிருப்பதைப் பார்ப்பீர்கள். பாதுகாப்புக் கொடி என்று சொல்வார்கள். பத்து மீட்டர் ஏர் துப்பாக்கிகளில் அது குழல் முழுவதும் நுழைந்து வெளியே தெரியும் நீளத்தில் இருக்க வேண்டும். குழலுக்குள் ரவை இல்லை என்பதற்கு அந்த இழைதான் கண்ணுக்குத் தெரியும் சாட்சி. ஓய்வில் இருக்கும் துப்பாக்கியை எடுக்கும்போது, படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று அந்த இழையை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். எனக்கு அது இருந்தால்தான் படம் முழுமையாகத் தெரிகிறது. விவரம் தெரிந்தவர் பார்த்தால், எடுத்தவருக்கும் விவரம் தெரியும் என்று அந்த ஆரஞ்சுக் கோட்டை வைத்தே சொல்லிவிடுவார்.

குழல் கேமராவைப் பார்த்திருக்கும் படம் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். குழலுக்கு முன்னால் மனிதர் இருக்கக் கூடாது. கொடி செருகியிருந்தாலும், காலி என்று மூன்று பேர் சத்தியம் செய்தாலும் கூடாது. முக்காலியில் கேமராவை வைத்து, ரேஞ்ச் அதிகாரி அனுமதித்தால் மட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று ரிமோட்டில் எடுங்கள். அனுமதி இல்லையென்றால் அந்தப் படம் இல்லை. வேறு எடுக்க எவ்வளவோ இருக்கிறது.

விளையாட்டைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்க முடியாது

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளின் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனாவால் வைக்கும் ஒரு முற்றுப்புள்ளி. ரவையின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். புள்ளியைவிட ஒன்பது மடங்கு அகலமான ரவையின் நட்டநடு, அந்தப் புள்ளியின் நட்டநடுவில் விழுந்தால் முழு மதிப்பெண்ணான 10.9. ஏர் பிஸ்டலில் பத்தாவது வளையம் 11.5 மில்லிமீட்டர். பெரியது என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒற்றைக் கைதான், தோள்கட்டை கிடையாது. மின்னணு இலக்குகளில் அறுபது முறை சுட 75 நிமிடம் தருகிறார்கள். ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். அதை அறுபது முறை தூக்கி, அறுபது முறை அசையாமல் நின்று, இறக்க வேண்டும். பல முறை தூக்கியபின் சுடாமலேயே இறக்குவார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் சுடாமல் இறக்குவதும் ஒரு திறமை.

இந்தச் சின்ன எண்களை மனதில் வைத்துக்கொண்டு நின்றால் உங்கள் கண் தானாக மாறும். கிரிக்கெட், ஜல்லிக்கட்டு எடுத்துப் பழகியவர்கள் இங்கே வந்து, "எதுவுமே நடக்கவில்லையே" என்பார்கள். நடக்கிறது. குதிகாலின் எடை அரை அங்குலம் நகர்கிறது. கெட்டியான கான்வாஸ் ஜாக்கெட்டின் இடுப்பு மடிப்பு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. கன்னம் கட்டையில் பதிந்த இடத்தில் தோல் சற்றே வெளுக்கிறது. விரல் விசையின் முதல் அழுத்தத்தை எடுத்துக்கொண்டு நிற்கிறது. ஒருவர் இதயம் இரண்டு முறை துடிப்பதற்கு இடையில் சுடக் கற்றுக்கொண்டிருக்கிறார். இதை ஒரு படத்தில் கொண்டுவருவதைவிடக் கடினமான வேலை விளையாட்டுப் படத்துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கே நிற்பது

வலது கைப் பழக்கம் உள்ள ரைஃபிள் வீரர் இடது தோளை இலக்கின் பக்கம் வைத்து நிற்பார். அவருடைய மார்பு ரேஞ்சின் வலப்புறத்தைப் பார்த்திருக்கும். ஆகவே நீங்கள் வலது ஓரத்தில், சுடும் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்றால், குறிபார்க்கும் கண், அதன் முன்னால் இருக்கும் டயாப்டர் என்ற குறிபார்க்கும் துளை, விசை மேல் விரல் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே தளத்தில் கிடைக்கும். எஃப் 4 வைத்தால் மூன்றுமே கூர்மையாக வரும். இடது ஓரத்தில் நின்றால் முதுகும், இடது கண்ணை மறைக்கும் தடுப்பு அட்டையும்தான் கிடைக்கும்.

பிஸ்டலில் இது தலைகீழ். வலது கைக்காரரின் வலது தோள் இலக்கின் பக்கம் இருக்கும். மார்பு இடப்புறம் திரும்பியிருக்கும். இடப்பக்கம் நின்றால் நெஞ்சின் ஏற்ற இறக்கமும், பையிலோ இடுப்பிலோ செருகிய இடது கையும் நன்றாக வரும். ஆனால் இடது கண் தடுப்பு அட்டைக்குப் பின்னால் இருக்கும். வலப்பக்கம் நின்றால் முதுகு கொஞ்சம் தெரியும். அதோடு கண், தோள், முழங்கை, மணிக்கட்டு, துப்பாக்கி எல்லாம் ஒரே கோட்டில் நீளும். எனக்கு வலப்பக்கம்தான் பிடிக்கும். மனித உடல் ஒரு கோடாக மாறுவதை அங்கிருந்துதான் பார்க்க முடிகிறது. இடது கைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் ஒரே ஒரு இடது கைக்காரர் இருந்தால் அவரும் பக்கத்து லேன்காரரும் நேருக்கு நேர் நிற்பதுபோல் அமையும். அந்தக் காட்சி கிடைத்தால் விடாதீர்கள்.

சுடுகிறவரின் பார்வையில் படும் இடத்தில் அசையாதீர்கள். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பத்து ரவைகளாவது அங்கேயே நில்லுங்கள். கொலுசு, நாணயங்கள், கரகரக்கும் பை, ஒலிக்கும் அலைபேசி எதுவும் வேண்டாம். நான் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பேன்.

வெளிச்சம்

ஃப்ளாஷ் கிடையாது. சர்வதேச விதிகளிலேயே போட்டி முடியும்வரை ஃப்ளாஷ் தடை. பயிற்சி நேரத்திலும் கேட்காமல் போடாதீர்கள்.

அரங்கத்தில் இலக்குகள் மீது குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் என்று விதி. சுடுகிறவர் நிற்கும் பகுதிக்கு 300 லக்ஸ் போதும். அதாவது தூரத்துச் சுவர் பளிச்சென்றும் நாம் எடுக்க வேண்டிய முகம் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்திலும் இருக்கும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் சுவரைப் பார்த்து ஏமாந்து முகத்தைக் கரியாக்கிவிடும். முகத்துக்கு அளந்து, மேனுவலில் வைத்து, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். 300 லக்ஸில் எஃப் 2.8, நொடியில் நூறில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 800 ஒரு நல்ல தொடக்கம். நம் ஊர்ப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைகளில் வெளிச்சம் இதைவிடக் குறைவு. ஐஎஸ்ஓ 1600, 3200 வரை போகத் தயங்க வேண்டாம். படத்தில் மணல்போல் விழும் புள்ளிகளை மன்னித்துவிடலாம். அசங்கிய கண்ணை மன்னிக்க முடியாது.

நூறில் ஒரு பங்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. மலிவான எல்இடி விளக்குகளும் பழைய குழல் விளக்குகளும் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்றாக இருந்தால் ஒரு முழு அலை உள்ளே வந்துவிடும், படத்துக்குப் படம் நிறம் மாறாது. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று மின்னணு ஷட்டருக்கு மாறினால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுவதும் இதனால்தான். போட்டிக்கு முந்தைய நாள் போய் அந்த அரங்கத்தின் விளக்குகளில் சோதித்துவிடுங்கள். பட்டை விழுந்தால் சாதாரண ஷட்டர்தான். அப்போது ரவை கிளம்பும் சத்தத்தோடு ஷட்டர் சத்தம் கலக்கும்படி எடுக்கப் பழக வேண்டும். பல லேன்கள் சுடும்போது அது எளிது. இறுதிச் சுற்றில் எட்டுப் பேர் மட்டும் நிற்கும்போது ஒவ்வொரு 'கிளிக்'கும் காதில் விழும். அங்கே நான் ஒரு ரவைக்கு ஒரு படத்துக்கு மேல் எடுப்பதில்லை.

சுடுகிறவர் அசைவதில்லை. அதனால் நூறில் ஒரு பங்கு அவருக்குப் போதும், நம் கைக்குத்தான் போதாது. ஒற்றைக்கால் தாங்கி வாங்குங்கள். லென்ஸைப் பொறுத்தவரை 85 மி.மீ. எஃப் 1.8 ஒன்று இருந்தால் தொடங்கிவிடலாம். 70-200 பிறகு வரட்டும்.

எந்த நொடி

விசை அழுத்தும் நொடியை எல்லோரும் துரத்துகிறார்கள். அதற்கு அடுத்த இரண்டு நொடிகளை எடுங்கள் என்பது என் அனுபவம். நல்ல வீரர்கள் சுட்ட பிறகும் அப்படியே நிற்பார்கள். குறி கலையாமல், விரல் விசையிலேயே பதிந்திருக்க, கண் அதே இடத்தைப் பார்த்திருக்கும். அதன் பிறகுதான் முகம் கட்டையிலிருந்து எழும், கண் பக்கத்துத் திரையைப் பார்க்கும். அந்தப் பார்வையில் எல்லாம் இருக்கும். அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் கடைசி ரவையில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, பொன்னான நிமிடங்கள் போயின. 2024-இல் பாரிஸில் அதே மனு பாக்கர் இரண்டு வெண்கலம் எடுத்தார். இந்த விளையாட்டின் கதை முழுவதும் ஒரு ரவைக்கும் அடுத்த ரவைக்கும் இடையிலான முகங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நம் கிளப்புகளில் பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற சிறுமிகளை நானே பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் படத்தைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எங்கும் வெளியிடாதீர்கள். பள்ளியின் பெயர் தெரியும் சீருடை, எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பயிற்சி என்ற விவரம் எதுவும் படத்தோடு போகக் கூடாது.

வானில் பறக்கவிடும் தட்டைச் சுடும், வெளியில் நடக்கும் டிராப் போட்டிகள் முற்றிலும் வேறு உலகம். பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் ஆடிய பிரித்விராஜ் தொண்டைமான் நமக்கு அடுத்த புதுக்கோட்டைக்காரர். அந்தத் தட்டுக்குக் களிமண் தட்டு என்று பெயர், அளவு 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். அது ஆரஞ்சுத் தூளாக உடைந்து சிதறுவதை எடுக்க ஷட்டர் இரண்டாயிரத்தில் ஒன்றாவது வேண்டும். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். எனக்கு அதில் அனுபவம் கொஞ்சம்தான், ஆகவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பலூன்

சின்ன வயதில் சித்திரைப் பொருட்காட்சிக்காகத் தமுக்கம் மைதானத்துக்கு அப்பா கூட்டிப்போவார். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்களைச் சுடும் கடையில் நான் நகராமல் நிற்பேன். வெடிக்கும் பலூனின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை முப்பது வருடம் கழித்துத்தான் நிறைவேறியது. கிளப் பயிற்சியாளர் ஒருவர் மனம் வைத்ததால் நடந்தது. முறையைச் சொல்கிறேன். இதை ரேஞ்சில், பொறுப்பான அதிகாரி முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும். மொட்டை மாடியிலோ தோப்பிலோ கூடாது.

போட்டி ஏர் ரைஃபிளின் ரவை நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் போகிறது. கேமராவின் எட்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டரில்கூட அது இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஷட்டரால் அதை நிறுத்தவே முடியாது, ஒளியால்தான் முடியும். சாதாரண ஃப்ளாஷைக் குறைந்த அளவுக்கு, 128-இல் ஒரு பங்குக்கு, இறக்கினால் அது ஒரு நொடியில் முப்பதாயிரத்திலோ நாற்பதாயிரத்திலோ ஒரு பங்கு நேரம்தான் எரியும். அந்த நேரத்தில் ரவை ஐந்து மில்லிமீட்டர் நகரும். ரவைக்குக் கொஞ்சம் வால் விழும். தண்ணீர் நிரப்பிய பலூனோ கண்ணாடிபோல் நின்றுவிடும். ரப்பர் கிழிந்து சுருண்டு போன பிறகும் தண்ணீர் பலூன் வடிவத்திலேயே காற்றில் நிற்கும். அந்த முதல் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இப்போதும் ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன்.

அரங்கத்தை ஆள் நடமாட்டம் தெரிகிற அளவுக்கு மங்கலாக்கி, ரைஃபிளைத் தாங்கியில் இறுக்கி, வெளிச்சத்திலேயே குறிவைத்து முடித்துவிட வேண்டும். கேமரா எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் ஒரு நொடி திறந்திருக்கும். ஃப்ளாஷை ஒரு சின்ன மைக் தூண்ட வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் மைக், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் கிடைக்கும். கல்லூரியில் படிக்கும் தம்பி யாரையாவது பிடித்தால் ஒரு மாலையில் கட்டித் தந்துவிடுவார். மைக்கை எங்கே வைப்பது என்பதில்தான் நுட்பம். குழல் முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் சத்தம் வந்துசேர ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் ஆகும். அதற்குள் ரவை அரை மீட்டர் போயிருக்கும். ஆகவே குழல் முனையிலிருந்து அரை மீட்டரில் பலூன் இருந்தால் ரவை பலூனைத் தொடும் நேரத்தில் ஒளி விழும். மைக்கைப் பத்து சென்டிமீட்டர் பின்னே நகர்த்தினால் ரவை இன்னும் ஐந்து சென்டிமீட்டர் முன்னே போனபின் படம் கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். 1887-இலேயே மாக் என்ற அறிவியலாளரும் சால்ச்சரும் பறக்கும் தோட்டாவைச் சுற்றி எழும் அதிர்வலையைப் படத்தில் காட்டிவிட்டார்கள். நம்மிடம் அவர்களைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன.

கண்ணாடிப் பொருள் எதையும் சுடச் சொல்லாதீர்கள். பலூனுக்குப் பின்னால் ரவை பிடிக்கும் பெட்டி இருக்க வேண்டும். அங்கே இருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும். ரவை ஈயம், ஆகவே முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயைத் தொட வேண்டும்.

வீட்டில் இருக்கும் பழைய துப்பாக்கி

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில், தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுக்கப் போனேன். உரிமம் பெரியவர் பெயரில் இருந்தது. "தாயி, என் பேரன் இதை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஒப்படைக்கும் முன் ஒரு நல்ல படம் எடுத்துக் கொடு" என்றார். மதியம் வரை எடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவர் பேசினார். குழலின் மேல் என் கட்டைவிரல் ரேகை துரு வடிவில் எழுந்திருந்தது. சித்திரை மாத வியர்வை, உப்பு, எண்ணெய் துடைக்காத எஃகு. கோணத்தைச் சரிசெய்ய ஒரே ஒரு முறை தொட்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு தொட்டதில்லை. திருப்புவதும் வைப்பதும் உரிமதாரர்தான், அவரும் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் அவர் துடைத்து வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

துப்பாக்கியை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். நாம்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். துப்பாக்கியில் தோட்டா போடும் அறையைத் திறந்து காலி என்று அவர் காட்ட, நீங்கள் கண்ணால் பார்த்த பிறகே முக்காலியை விரியுங்கள். நாம் படமெடுக்கும் அறைக்குள் தோட்டாக்களே இருக்கக் கூடாது.

நீலம் பாய்ச்சிய எஃகு ஒரு கறுப்புக் கண்ணாடி. நீங்கள் எடுப்பது இரும்பை அல்ல, இரும்பில் தெரியும் அறையை. ஜன்னல் கம்பி, மின்விசிறி, உங்கள் சட்டை எல்லாம் அதில் விழும். ஆகவே இரும்புக்குப் பார்க்க ஒரு வெள்ளைச் சுவரைக் கொடுங்கள். நான் எட்டு முழ வேட்டியைத்தான் பயன்படுத்துகிறேன். சலவை செய்த, கரை ஓரம் மடித்த வெள்ளை வேட்டி. வடக்குப் பார்த்த ஜன்னலில் அதைக் கட்டினால் குழல் நெடுக ஒரு மென்மையான வெள்ளிக் கோடு ஓடும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை. விளிம்பு காணாமல் போனால் கறுப்புச் சார்ட் தாளை ஓரத்தில் நிறுத்துங்கள், உருவம் எழுந்து நிற்கும். போலரைசர் வடிகட்டி வெறும் உலோகத்தின் பளபளப்பைக் குறைக்காது. மெருகு பூசிய மரக்கட்டைக்கு மட்டுமே அது உதவும். கட்டையின் ரேகைகளை அது அழகாக வெளியே கொண்டுவரும். பூ வேலைப்பாடு இருந்தால் சின்ன டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒளியை உரசவிடுங்கள். பின்னணிக்குச் சிவப்பு வெல்வெட் வேண்டாம். அந்த வீட்டுத் திண்ணையோ, பழைய மரப்பெட்டியின் மூடியோ போதும்.

வரிசை எண்ணைப் படத்தில் மறைத்துவிடுங்கள். கோப்பில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை நீக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். எந்த ஊரில் எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது நம் வேலை இல்லை.

நான் எடுக்காத படங்கள்

மாப்பிள்ளை கையில் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டு வந்த கல்யாணங்களை விட்டிருக்கிறேன். 2019-இல் ஆயுதச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி கொண்டாட்டத்துக்குச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்க மாட்டேன். பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் பையன் கையில் துப்பாக்கியை ஒட்டித் தரச் சொல்கிறவர்களும் வருகிறார்கள். அரிவாள் போட்ட ஃப்ளெக்ஸ்களை இந்த ஊர் போதுமான அளவு பார்த்துவிட்டது. அந்தப் பையன்களில் ஒருவனையாவது கிளப்புக்குக் கூட்டிப்போய், ஐந்து கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்கச் சொல்ல ஆசைப்படுகிறேன். வேட்டைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், அதைப் படமெடுப்பது பெருமையும் அல்ல.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களை முதலில் காந்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகிறேன். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறந்தது. பலூன் சுட்ட மைதானத்துக்கு நடந்து போகும் தூரம்தான். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தம் தோய்ந்த துணி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அதன் முன்னால் நான் எதுவும் விளக்குவதில்லை. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பிறகு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஷட்டர் வேகம் பற்றிப் பேசத் தொடங்குவோம்.

வருமானம்

இதை மட்டும் நம்பி மதுரையில் குடும்பம் நடத்த முடியாது. விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத்துக்கும் ஆதரவாளர்களிடம் காட்டவும் வீரர்களின் வீட்டார் படம் கேட்பார்கள். கிளப்புக்கு ஆண்டு நாட்காட்டி, சான்றிதழ், பரிசளிப்பு விழா எல்லாம் வரும். மாணவர்களிடம் நான் அச்சுச் செலவுக்கு மேல் வாங்குவதில்லை. பரம்பரைத் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு நாள் கூலியாகப் பேசிவிடுகிறேன், படத்தின் எண்ணிக்கைக்கு அல்ல. தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போய்விடும், அந்த மாதங்களில் வீட்டு வேலை வராது. நாட்காட்டியில் குறித்துவைத்து அந்தச் சமயத்தில் கல்யாணங்களை ஒப்புக்கொள்ளுங்கள்.

கிளப்புக்குப் போகும் முன் வீட்டிலேயே பழக ஒரு வழி உண்டு. காலை ஏழு மணிக்கு முன் மொட்டை மாடிக்குத் தம்பியையோ தங்கையையோ கூட்டிப்போங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையை ரைஃபிள் பிடிப்பதுபோல் மார்பளவில் தாங்கி நிற்கச் சொல்லுங்கள். பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொல்லுங்கள். முதல் நிமிடம் எடுக்காதீர்கள். மூன்றாவது நிமிடத்தில் தோள் இறங்கும், தாடை இறுகும், கண் புள்ளியைத் தேடும். அப்போது கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து ஒரே ஒரு படம் எடுங்கள். பிறகு பையை இறக்கச் சொல்லிவிட்டு, அவர் மூச்சை விடும் முகத்தை இன்னொன்று எடுங்கள்.